மூன்று நட்சத்திரமும் முதல் பக்கமும்

"உங்க மாமா என்ன வேலை பார்க்கிறார்?"

இந்தக் கேள்விக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நான் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் யாராவது நிறுத்தி முதலில் என்னைப் பற்றிக் கேட்பார்கள். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மாமாவுக்குத் தாவிவிடுவார்கள். ஒருமுறை "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் காலையில் மூன்றாம் மாடிக்காரர் ஒரு பிரிண்டரை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். மாமா அந்தப் பிரிண்டரை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திறப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை "விளம்பர வேலை" என்றேன். இரண்டாம் மாடி அக்கா தன் குழந்தையின் போட்டோக்களை என் போனுக்கு அனுப்பி, சோப்பு விளம்பரத்துக்கு ஆகுமா என்று கேட்டார்.

கடைசியில் மாமாவிடமே கேட்டேன். யாராவது எதையாவது இணையத்தில் தேடினால் நம்ம ஆள் கடை முதலில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். இதற்கு ஏன் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "முதல்ல வர்றதுக்கு எல்லாரும்தான் இடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவரும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடு முழுக்க அத்தையின் தையல் சாமான்கள் என்பதால் மாமா எங்கள் பால்கனியில்தான் வேலை செய்வார். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி. மழை நாளில் அம்மா அங்கேதான் துணி காயப்போடுவார். வாடிக்கையாளர்களிடம் வீடியோவில் பேசும்போது மாமாவின் தலைக்குப் பின்னால் ஒரு ஈரத் துண்டோ அப்பாவின் பனியனோ தொங்கும். அதை அவர் கவனித்ததே இல்லை. எதிர்முனையில் இருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

எதற்கெடுத்தாலும் முதல் பக்கம், முதல் பக்கம் என்றே பேசுவதால் அப்பா அவருக்கு 'முதல் பக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டார். "முதல் பக்கம் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். தேடலில் இரண்டாம் பக்கத்தில் இருப்பதும் பரண்மேல் கிடப்பதும் ஒன்றுதான் மச்சான் என்று அப்பாவுக்கே பாடம் எடுப்பார்.

தொழில் அவருடைய ரத்தத்தில் ஊறிவிட்டது. போனில் எண்களைப் பதிந்து வைப்பதில்கூட அது தெரியும். மற்றவர்கள் 'பிளம்பர்' என்று வைப்பார்கள். மாமா 'பிளம்பர் குழாய் ஒழுகல் அவசரம் நம்ம ஏரியா உடனே வருவார்' என்று வைத்திருப்பார். எந்தச் சொல்லை வைத்துத் தேடினாலும் ஆள் கிடைக்க வேண்டுமாம். என் அம்மாவின் எண்ணை 'அக்கா வீடு எதிரில் சாப்பாடு சாவி அவசரம்' என்று வைத்திருந்தார். ஒருநாள் அவர் 'அவசரம்' என்று தேடியபோது பிளம்பர், எலக்ட்ரீஷியன், பல் டாக்டர், அம்மா எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். அவசரத்தில் பல் டாக்டரைக் கூப்பிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிறேன், சாவி எடுத்துக்கொண்டு சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டார்.

தேடுபொறி நடத்தும் கம்பெனி யாரை முதலில் காட்டுவது என்ற தன் கணக்கை அவ்வப்போது மாற்றும். அதற்கு அப்டேட் என்று பெயர். அப்டேட் வந்த நாளில் மாமாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நேற்று வரை முதலில் இருந்த மெத்தைக்கடை இன்று ஒன்பதாவதாக இருக்கும். மெத்தைக்கடைக்காரர் போனில் கத்துவார். மாமா மிகப் பொறுமையாக, "ஒண்ணும் தொடாதீங்க, ரெண்டு வாரம் பார்ப்போம்" என்பார். எங்கள் குடும்ப டாக்டரும் எல்லா நோய்க்கும் இதையேதான் சொல்வார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாமாவைக் குறை சொல்ல முடியாது. குறுக்குவழியில் போக மாட்டார். அந்தக் காலத்தில் சிலர் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தரம் எழுதி வைப்பார்களாம். படிப்பவருக்குத் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் தெரியும். இப்போது அது எடுபடாது, மாட்டினால் தேடலிலிருந்து கடையையே தூக்கிவிடுவார்கள் என்பார். காசு கொடுத்துப் பொய்யாக நல்ல ரிவ்யூ எழுத வைப்பதும் அப்படித்தான். மெத்தைக்கடைக்காரர் ஒருமுறை தன் கடைப் பையன்கள் எல்லாரையும் ரிவ்யூ எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு மாமா அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில், ஒரே மாதிரி வார்த்தையில் எழுதினால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்றார். நான் அப்போது பால்கனியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் இதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

அத்தை ஓர் ஆயத்த ஆடை ஆலையில் லைனில் வேலை பார்த்தவர். நாள் முழுக்கச் சட்டைக் கை மட்டும் தைப்பார். உடம்பு, கழுத்து எல்லாம் வேறு ஆட்கள். முழுச் சட்டையை நான் பார்த்ததே கடையில் தொங்கும்போதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆலை வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. புதுத்துணி தைக்கும் கடை இல்லை. நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் மட்டும்.

அவர் பார்த்து வைத்திருந்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், தெருவைப் பார்த்த ஒரு சின்ன இடம். மாமாதான் வேண்டாம் என்றார். இப்போதெல்லாம் யாரும் தெருவைப் பார்த்து நடப்பதில்லை, போனைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். தேடினால் கிடைத்தால் போதும், கடை எந்தச் சந்தில் இருந்தால் என்ன என்றார். மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஓர் அறை பிடித்தார்கள். கீழே இருந்து பார்த்தால் அங்கே ஒரு கடை இருப்பதே தெரியாது.

"என்னை நம்பு. ரெண்டே மாசம். முதல் பக்கத்துல நீதான் இருப்ப" என்று மாமா சொன்னது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான். எல்லாரும் கேட்டோம். அத்தை நம்பினார்.

ஆலையின் லைன் சூப்பர்வைசர் நல்ல மனுஷி. அடுத்த மாதக் கடைசி வரைக்கும் உன் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்குள் முடிவு சொல் என்று சொல்லியிருந்தார். ஆக, அடுத்த மாதக் கடைசிக்குள் கடைக்கு ஆள் வர வேண்டும். இல்லாவிட்டால் அத்தை மறுபடியும் சட்டைக் கைக்குப் போக வேண்டும்.

மாமா இணைய வரைபடத்தில் கடையைச் சேர்த்தார். அழகாக ஒரு பக்கம் செய்தார். 'ஆல்டரேஷன் கடை அருகில்', 'பேண்ட் நீளம் குறைக்க' என்று மக்கள் எதை அதிகம் தேடுகிறார்கள் என்று தன் கருவியில் பார்த்துப் பார்த்து எழுதினார். அத்தை ஒருநாள் மதியம் பால்கனிக்கு வந்து, உடம்பு அளவு மற்றவர்கள் மாதிரி இல்லாதவர்களுக்குத்தான் என்னைப் போன்ற ஆள் அதிகம் தேவைப்படும், அவர்களுக்காக ஏதாவது எழுதுங்களேன் என்றார். மாமா கருவியில் அடித்துப் பார்த்தார். மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று வந்தது. திரையை அத்தை பக்கம் திருப்பிக் காட்டினார். அத்தை காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

'பேண்ட் நீளம் குறைக்க' என்று தேடினால் பெரிய பெரிய கடைகள்தான் வந்தன. அதற்கும் மேலே, தேடுபொறியே ஒரு பெட்டி போட்டுப் பதில் சொல்லிவிட்டது: பேண்ட்டை உள்பக்கம் திருப்புங்கள், சாக்பீஸால் கோடு போடுங்கள் என்று. மாமாவுக்கு இந்தப் பெட்டிதான் புது எதிரி. முன்பெல்லாம் ஜனங்கள் கடையைத் தேடி வருவார்கள், இப்போது கேள்வியை வாசலிலேயே நிறுத்திப் பதிலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று புலம்புவார். அத்தையின் கடை மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வந்தவர்கள் மொத்தமாகவே விரல் விட்டு எண்ணும்படிதான். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க ஏறி வந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பலர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சமையலறையில் அத்தை பாத்திரம் தேய்த்தபடியே, நான் வேலைக்கே திரும்பிப் போயிடறேன் அண்ணி, அவர்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க என்று அம்மாவிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பால்கனியின் ஜன்னல் சமையலறைப் பக்கம் திறந்திருந்தது.

மாமா எழுந்து கூடத்துக்கு வந்தார். பிறகு, எல்லாரும் போனை எடுங்கள் என்றார். மெத்தைக்கடைக்காரருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்த அதே ஆள்தான். ஒவ்வொருவரும் அத்தை கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுத வேண்டும், அதில் 'ஆல்டரேஷன் கடை', 'அருகில்', 'நேர்த்தியான வேலை' என்ற சொற்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார். எல்லாரும் எங்கள் வீட்டு வைஃபையில், ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, பரீட்சை எழுதுவது போல எழுதினோம். ஒரு சித்தப்பா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து அப்படியே எழுதினார். அப்பா தன் வாழ்நாளில் ஒரு பொத்தான் தைக்கக்கூடத் துணி கொடுத்ததில்லை. அவர் 'பத்து வருடமாக இந்தக் கடைக்குத்தான் போகிறேன்' என்று எழுதினார். கடை திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எழுத மாட்டேன் என்று சொன்னது ஒருவர் மட்டும்தான். அது பெரியப்பா, அப்பாவின் அண்ணன்.

பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். போகிற இடத்துக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவது அவர் பழக்கம். யாரும் கேட்டு அல்ல. பஸ் நிறுத்தம், தபால் நிலையம், பாலம், எதையும் விட மாட்டார். எல்லாவற்றுக்கும் மூன்று நட்சத்திரம்தான். கடலுக்கு ஒருமுறை ரிவ்யூ போட்டார்: 'நன்றாக இருக்கிறது. உட்கார நிழல் இல்லை.' மூன்று. நான் பிறந்த ஆஸ்பத்திரிக்கும் மூன்று: 'குழந்தை ஆரோக்கியம். கேன்டீன் சரியில்லை.'

நான் போகாத கடைக்கு எப்படி எழுதுவது என்று அவர் கேட்டார். மறுநாள் பெரியப்பா தன் பேண்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக அத்தை கடைக்குப் போனார். அன்று சாயங்காலமே தன் வீட்டிலிருந்து ரிவ்யூ எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால்கனியிலிருந்து சத்தமே வரவில்லை. காபி கொண்டுபோன அம்மா, என்னடா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சோபாவில் உட்கார்ந்து நாங்கள் எழுதிய அத்தனை ரிவ்யூவையும் தேடுபொறிக் கம்பெனி நீக்கியிருந்தது. இந்தக் கடைக்குச் சந்தேகத்துக்குரிய ரிவ்யூக்கள் வந்ததால் சில வாரங்களுக்குப் புதிதாக யாரும் எழுத முடியாது என்று ஒரு சிவப்பு வரி வேறு. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் மாமா சத்தமாகப் படித்தார்:

'மருந்துக்கடைக்கு இடப்பக்கச் சந்து. பெயர்ப்பலகை இல்லை, விசாரித்துத்தான் போனேன். படிக்கட்டு மிகவும் செங்குத்து. நான் பாதியில் நின்றுவிட்டதைப் பார்த்து அந்தப் பெண்ணே இறங்கி வந்து சந்தில் வைத்து அளவெடுத்தார். எனக்கு ஒரு விபத்துக்குப் பிறகு இடது கால் சற்றுக் குட்டை. இதுவரை எல்லாத் தையற்காரரும் ஒரு காலை அளந்துவிட்டு இரண்டையும் வெட்டிவிடுவார்கள். இவர் இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தார். செருப்போடு ஒருமுறை, செருப்பில்லாமல் ஒருமுறை. பேண்ட் இப்போது தரையில் இழுபடவில்லை. அதை வாங்க மெதுவாக மேலே ஏறினேன். அங்கே மின்விசிறி சத்தம் போடுகிறது. உட்கார நாற்காலி ஒன்றுதான்.'

கீழே மூன்று நட்சத்திரம்.

கடையின் மொத்த மதிப்பெண்ணே இப்போது அந்த மூன்றுதான். மாமா பெரியப்பா வீட்டுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். பெரியப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வரவேற்றார்.

"பெரிய மச்சான், ஒரே ஒரு நட்சத்திரம். தட்டுனா நாலாயிடும்" என்றார் மாமா.

"தட்டறது ஒண்ணும் கஷ்டமில்ல மாப்ள. அந்தப் படிக்கட்டை என்ன பண்றது?"

"படிக்கட்டை நாங்க கட்டலையே."

"நானும் கட்டல. ஆனா ஏறுனேன்."

மாமா வேறு வழியில் வந்தார். கூடப் பிறந்த தம்பியின் மச்சினன் பெண்டாட்டி கடைக்கே இப்படி என்றால், அப்புறம் ஐந்து நட்சத்திரம் யாருக்குத்தான் கொடுப்பீர்கள் என்று கேட்டார். பெரியப்பா இதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார்.

"இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

திரும்பி வந்ததும் மாமா, அந்த ரிவ்யூவை எடுக்கச் சொல்லி எழுதிப் போட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் கையிலிருந்து போனை வாங்கி, அதை மெதுவாக முழுசாகப் படித்தார். செருப்போடு ஒருமுறை என்ற இடத்தில் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"இதை ஏன் எடுக்கணும்? பொய்யா எழுதினதெல்லாம் போயிடுச்சு. இது நிக்குது. நிக்கட்டும்."

"மூணு நட்சத்திரத்தைப் பார்த்து எவன் வருவான்?"

"அஞ்சைப் பார்த்து எவன் வந்தான்?"

மாமா தேடுபொறிக் கம்பெனிக்கு, அந்த ரிவ்யூக்களை எழுதியது என் சொந்தக்காரர்கள்தான், நான்தான் எழுத வைத்தேன், மன்னிக்கவும் என்று எழுதி அனுப்பினார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது.

வியாழக்கிழமை அத்தை கடையில் போன் அடித்தது. அன்று மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் அங்கே போயிருந்தேன். மாமாவும் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல்.

"அங்க ரெண்டு காலையும் தனித்தனியா அளப்பீங்களாமே?"

அத்தை மாமாவைப் பார்த்தார். "ஆமா, அளப்போம். யார் சொன்னாங்க?"

"ரிவ்யூல போட்டிருந்தது. எங்க அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணினதுல ஒரு கால் குட்டையாயிடுச்சு. பேண்ட்டை மடிச்சு மடிச்சுப் போட்டுக்கிறார். படி செங்குத்துன்னும் எழுதியிருக்கு. அவரால ஏற முடியாது. நீங்க கீழ வருவீங்கதானே?"

அத்தை வருகிறேன் என்றார். அந்தப் பெண் எப்படித் தேடினார் என்று கேட்கச் சொல்லி மாமா சைகையால் கெஞ்சினார். அத்தை கேட்டார். 'ஒரு கால் குட்டை பேண்ட் யார் சரி பண்ணுவாங்க' என்று போனிடம் வாயால் கேட்டாராம். மாமா உடனே தன் கருவியில் அதை அடித்துப் பார்த்தார். பூஜ்யம். ஒருவர் கேட்டு, கடைக்கே போன் செய்து முடித்த பிறகும் அது பூஜ்யம் என்றுதான் சொன்னது. அன்று பிரிண்டரைப் பார்த்த அதே பார்வையோடு மாமா அந்தத் திரையைப் பார்த்தார்.

அந்த அப்பா வந்தார். அவர் போய் ஒரு நண்பரை அனுப்பினார். ஒரு பக்கம் தோள் இறங்கிய ஓர் இளைஞர் வந்தார். இன்டர்வியூவுக்குப் போக ஒரு கோட்டு சரிசெய்ய வேண்டும், எந்தக் கோட்டும் தன் மேல் நேராக நிற்பதில்லை என்றார். ஒரு கையால் பொத்தான் போட முடியாத ஓர் அம்மா வந்தார். இணையத்தில் தேடி வந்த எல்லாரிடமும் மாமா எப்படித் தேடினீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தேடியிருந்தார்கள். ஒருவர் தேடியது போல இன்னொருவர் தேடவில்லை. அதனால்தான் எண்ணிக்கையில் ஏறவில்லை என்று மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் எல்லாரும் வந்து சேர்ந்த இடம் பெரியப்பாவின் ரிவ்யூ.

கீழே மருந்துக்கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். கைத்தடியோடு நிற்பவர்கள் தன் கடை வாசலை அடைக்கிறார்கள் என்றார். அவர்கள் சும்மா நிற்காமல் முழங்கால் தைலம் வாங்க ஆரம்பித்ததும், அவரே உள்ளே இருந்து ஒரு பெஞ்சை எடுத்துவந்து சந்தில் போட்டார்.

ஒருநாள் மாமா கத்திக்கொண்டே கூடத்துக்கு வந்தார். அவர் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பதில் பெட்டியில் அத்தை கடை வந்திருந்தது. கால் அளவு வேறுபட்டால் யாரிடம் போகலாம் என்று கேட்டால், இந்தக் கடையில் இரண்டு கால்களையும் தனித்தனியாக அளப்பதாக வாடிக்கையாளர்கள் கூறுகின்றனர், படிக்கட்டு செங்குத்தானது என்று சிலர் குறிப்பிடுகின்றனர், மின்விசிறியின் சத்தம் குறித்தும் கருத்துகள் உள்ளன என்று அது சொன்னது.

"வாடிக்கையாளர்களா? எங்க அண்ணன் ஒருத்தர்தானே?" என்றார் அப்பா.

பெரியப்பாவிடம் காட்டினோம். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நாற்காலியை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றார்.

அதற்குப் பிறகு மாமாவின் வேலை கொஞ்சம் மாறியது. புது வாடிக்கையாளர் வந்தால் கருவியைத் திறப்பதற்கு முன்னால் அவர்கள் கடையில் ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே வருபவர்கள் என்ன கேட்கிறார்கள், எதற்குத் தயங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதை அவர்கள் வாயில் வந்த வார்த்தையிலேயே எழுதுகிறார். மெத்தைக்கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. எப்போது முதல் பக்கம் வரும் என்றுதான் கேட்டார். மாமா பெரியப்பாவை அந்தக் கடைக்கு அனுப்பிவைத்தார். பெரியப்பா அங்கே ஒரு மெத்தையில் படுத்து நன்றாகத் தூங்கி எழுந்து, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று மூன்று கொடுத்தார். மெத்தைக்கடைக்காரர் இப்போது மாமாவிடம் பேசுவதில்லை.

சூப்பர்வைசர் சொல்லியிருந்த அந்த மாதக் கடைசி நாள் ஆலையிலிருந்து போன் வந்தது. அத்தை அப்போது சந்தில், மருந்துக்கடை பெஞ்சுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒருவருடைய பேண்ட் அடியில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். வாயிலும் குண்டூசி. மாமாதான் போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தார். என்ன முடிவு பண்ணினே, நாளைக்கு லைனுக்கு ஆள் போடணும் என்று சூப்பர்வைசர் சொல்வது எங்களுக்கும் கேட்டது. மாமா போனைப் பிடித்தபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவின் இன்னொரு உள்ளங்கையில் வைத்தார்.

"நான் வரலக்கா. என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இல்ல, கோபமெல்லாம் இல்ல. இங்க ஆள் நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்."

பேசி முடித்துவிட்டு, இன்னொரு காலை நீட்டுங்க ஐயா என்று பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னார். மாமா உள்ளங்கையை மூடாமல், குண்டூசிகள் விழாதபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

இதைப் படித்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது புதிதாகக் கடை போட்டுவிட்டு, ஆள் வரவில்லையே என்று கவலையோடு உட்கார்ந்திருந்தால், அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். போனில் அனுப்பினாலும் சரி. நேரிலேயே அவர்கள் கடைக்குப் போய்ச் சொன்னால் அத்தைக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.